முடிவு தெரிந்த கதையை எப்படிப் படிப்பது? பேர்பெற்ற காமிக்ஸ் கதைகளுக்கு ஓர் இதழ்வரிசை

ஸ்பைடர்-மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்துவிடுவாள். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே நிலவில் உயிரை விடுவாள். சூப்பர்மேனை டூம்ஸ்டே என்ற அசுரன் அடித்தே கொல்வான், கொஞ்ச நாளில் சூப்பர்மேன் திரும்பியும் வருவார். அமெரிக்க காமிக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்குக்கூட இதெல்லாம் தெரியும். ரசிகர்கள் போடும் 'மறக்க முடியாத கதைகள்' பட்டியலைப் பார்த்து, நேராக அந்த இரண்டு இதழ்களை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று மூடிவைக்கிறவர்கள் நிறைய.

கோளாறு பட்டியலில்தான். உச்சம் எந்த இதழில் என்று அது சொல்லும், அங்கே ஏறிப்போகும் படிகளைச் சொல்லாது. மாதம் ஒன்றாக வந்த கதைகள் இவை. அன்றைய வாசகர் அந்தப் பாத்திரத்தோடு நான்கைந்து வருடம் பழகிய பிறகு அந்த அடி விழுந்தது. அத்தனையையும் இன்று படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். சரியான ஐந்தாறு இதழ்களை முன்னால் சேர்த்துக்கொண்டாலே முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும்.

முதலில் முகவரி

வெறும் 'அமேசிங் ஸ்பைடர்-மேன் 1' என்றால் ஒன்றும் புரியாது. அந்தப் பெயரில் 1963, 1999, 2014, 2015, 2018, 2022 என்று பல 'முதல் இதழ்கள்' இருக்கின்றன. தொடரின் பெயர், அது தொடங்கிய ஆண்டு, இதழ் எண் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 'விண்டர் சோல்ஜர்' கதை வேண்டுமென்றால் 2005-ல் தொடங்கிய கேப்டன் அமெரிக்கா தொடரில் 1 முதல் 9, பிறகு 11 முதல் 14. நடுவில் 10 எங்கே போனது என்று தேட வேண்டாம். அது அப்போது ஓடிக்கொண்டிருந்த வேறொரு பெருங்கதையின் கிளை, எட் ப்ரூபேக்கரின் இந்தக் கதைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தொகுப்பு நூல்களும் அதை விட்டுவிட்டுத்தான் வருகின்றன.

பெயர் மாறும் தொடர்கள் இன்னும் படுத்தும். 'நியூ டீன் டைட்டன்ஸ்' 41-வது இதழில் 'டேல்ஸ் ஆஃப் த டீன் டைட்டன்ஸ்' ஆனது. எண் அப்படியே தொடர்ந்தது. அதே 1984-ல் 'நியூ டீன் டைட்டன்ஸ்' என்ற பழைய பெயரிலேயே புதிதாக 1-லிருந்து இன்னொரு தொடர் கிளம்பியது. 'ஜூடாஸ் கான்ட்ராக்ட்' தேடிப்போய் அங்கே மாட்டிக்கொண்டால் அது வேறு கதை. எக்ஸ்-மென் கதையும் இதே லட்சணம்தான். 1963-ல் தொடங்கிய தொடர் பின்னாளில் 'அன்கேன்னி எக்ஸ்-மென்' ஆனதால் பழைய இதழ்கள் எந்தப் பெயரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டிலும் தேடுங்கள். வெறும் 'எக்ஸ்-மென்' என்று 1991-ல் தொடங்கியதை மட்டும் தொடாதீர்கள்.

அட்டையில் போட்டிருக்கும் மாதத்தையும் நம்ப வேண்டாம். அது விற்பனைக்கு வந்த மாதத்தைவிட இரண்டு மூன்று மாதம் முந்தி ஓடும். சூப்பர்மேன் 75-வது இதழின் அட்டை 1993 ஜனவரி என்கிறது, கடைக்கு வந்ததோ 1992 நவம்பர் 18.

முன்படிகள்: எத்தனை இதழ் போதும்?

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

'டார்க் ஃபீனிக்ஸ் சாகா' என்று விற்கப்படும் தொகுப்பு பெரும்பாலும் எக்ஸ்-மென் 129-ல் தொடங்கி 137-ல் முடியும். கிறிஸ் கிளேர்மான்ட், ஜான் பைர்ன் கூட்டணி, 1980. 129-ஐத் திறந்தால் ஜீன் ஏற்கெனவே ஃபீனிக்ஸ். ஆனால் அவள் அந்தச் சக்தியைப் பெற்றது 1976-ல் வந்த 101-வது இதழில். நொறுங்கும் விண்கலத்தைத் தானே ஓட்டிவந்து கடலில் இறக்கி, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிறாள். 107, 108-ல் அதே சக்தியால் பிரபஞ்சத்தையே காப்பாற்றுகிறாள். இதைப் படிக்காதவருக்கு 135-வது இதழில் அவள் ஒரு சூரியனை விழுங்கி, அதைச் சுற்றிய கோளில் ஐந்நூறு கோடி உயிர்களைச் சாகடிப்பது ஏதோ ஒரு வில்லியின் வேலை போலத்தான் தெரியும். காப்பாற்றிய அதே கை இது என்பதுதான் கதையே.

ஆக, 101, பிறகு 107, 108, பிறகு 125 முதல் 128. இந்தக் கடைசி நான்கு இதழ்களின் முதன்மைக் கதை வேறு. புரோட்டியஸ் என்ற எதிரியோடு மோதல். ஆனால் ஜீனுக்கு வேறொரு நூற்றாண்டில் இருப்பதுபோல் மயக்கம் வந்து போகும் கட்டங்கள் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. அதைக் கவனித்துவிட்டு 129-க்கு வந்தால் யார் யாரை ஆட்டுவிக்கிறார்கள் என்பது உடனே பிடிபடும். 137-க்குப் பிறகு 138-ஐயும் படியுங்கள். அது இறுதிச் சடங்கு. எக்ஸ்-மென் வரலாற்றை ஜீனின் காதலன் ஸ்காட் நினைத்துப் பார்ப்பதாகவே பெரும்பகுதி நகரும். சிலருக்குச் சலிக்கும், இருந்தாலும் விடாதீர்கள்.

137-ன் முடிவு முதலில் அப்படி வரையப்படவில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். சக்தியைப் பிடுங்கிவிட்டு ஜீனை உயிரோடு விடுவதாகத்தான் இருந்தது. ஒரு கோளையே அழித்தவளுக்கு இது தண்டனையா என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை, கடைசிப் பக்கங்கள் மாற்றி வரையப்பட்டன. பழைய முடிவு 1984-ல் தனி இதழாகவே வந்தது. அதை முதலில் படித்துத் தொலைக்காதீர்கள். அசலை முடித்து ஒரு வாரம் போகட்டும்.

ஸ்பைடர்-மேனுக்கு வருவோம். க்வென் இறப்பது 1973-ல் வந்த அமேசிங் ஸ்பைடர்-மேன் 121-ல். 121, 122 இரண்டையும் மட்டும் படிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முன்படிகளாக 39, 40 வேண்டும். கிரீன் காப்ளின் என்ற எதிரி நார்மன் ஆஸ்பார்ன் என்று பீட்டருக்கும், ஸ்பைடர்-மேன் பீட்டர்தான் என்று நார்மனுக்கும் தெரியவருவது அங்கே. பிறகு 90. க்வெனின் அப்பா கேப்டன் ஸ்டேசி இறக்கும் இதழ். அந்தச் சாவுக்கு ஸ்பைடர்-மேன்தான் காரணம் என்று க்வென் நினைப்பதால் பீட்டரால் கடைசிவரை உண்மையைச் சொல்ல முடியாமல் போகிறது. பிறகு 96 முதல் 98. நார்மனின் மகன் ஹாரி போதை மருந்தில் விழும் கதை, காமிக்ஸ் தணிக்கைக் குழுவின் முத்திரை இல்லாமலே வெளிவந்த மூன்று இதழ்கள். ஆறு இதழ்கள்தான். இவற்றைப் படித்தவருக்கு 121-ன் முதல் பக்கத்தில் ஹாரி நோயாளியாகப் படுத்திருப்பது சும்மா வந்த காட்சியாகத் தெரியாது.

121-ல் ஒன்றைக் கவனியுங்கள். கதையின் தலைப்பு முதல் பக்கத்தில் இருக்காது, கடைசிப் பக்கத்தில்தான் வரும். முன்னாலேயே போட்டால் குட்டு உடைந்துவிடும். வலை க்வெனின் காலைப் பிடிக்கும் கட்டத்தில், அவள் கழுத்தருகே 'ஸ்னாப்' என்று பொடி எழுத்தில் இருக்கும். வேகமாகப் புரட்டினால் கண்ணில் படாது. அந்த ஒரு சொல்லை வைத்து, கொன்றது காப்ளினா, பீட்டரின் வலையா என்று ஐம்பது வருடமாகச் சண்டை நடக்கிறது.

'ஜூடாஸ் கான்ட்ராக்ட்' தொகுப்பு 39-ல் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. டெர்ரா என்ற பெண் டீன் டைட்டன்ஸ் குழுவோடு முதலில் மோதுவது 26-ல், சேர்வது 30-ல். அவள் குழுவின் எதிரி டெத்ஸ்ட்ரோக்கின் ஆள் என்பது 34-லேயே வாசகருக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது, குழுவுக்கு மட்டும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கும் ஒவ்வொரு கட்டமும் வயிற்றைப் பிசையும். 39-ல் தொடங்குகிறவர் இந்த அவஸ்தையை இழக்கிறார், வெறும் துரோகக் கதை ஒன்றைப் படிக்கிறார். 26 முதல் 28, 30, 34, பிறகு 39 முதல் 44, கடைசியில் ஆண்டிதழ் 3. ஆண்டிதழை 44-க்கு முன்னால் படித்துவிட்டால் முடிவு முன்னால் வந்துவிடும்.

பேட்மேனின் 'டெத் இன் த ஃபேமிலி' 426 முதல் 429 வரை. இதற்கு 408-ஐயும் 424, 425-ஐயும் சேருங்கள். 408-ல், பின்னால் பேட்மேனின் துணையான ராபின் ஆகப்போகும் ஜேசன் டாட், பேட்மேன் வாகனத்தின் சக்கரத்தைக் கழற்றித் திருடும் பயலாக வருகிறான். 424-ல் ஒரு குற்றவாளி மாடியிலிருந்து விழுந்து சாகிறான். ஜேசன் தள்ளினானா, அவனே விழுந்தானா என்பதைக் கதை சொல்லாமலே விடுகிறது. அந்தச் சந்தேகத்தோடு 426-க்குள் போக வேண்டும்.

முன்படியே தேவைப்படாத கதைகளும் உண்டு. 'பேட்மேன்: இயர் ஒன்' பேட்மேன் 404 முதல் 407, அவ்வளவுதான். 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' எக்ஸ்-மென் 141, 142 என்று இரண்டே இதழ். 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' 12 இதழும் தனியாக நிற்கும். புதிதாக வருகிறவருக்கு முதலில் கொடுக்க இவைதான் தோது.

பல தொடர்களில் ஓடும் கதை

'க்ரேவன்ஸ் லாஸ்ட் ஹன்ட்' 1987-ல் மூன்று ஸ்பைடர்-மேன் தொடர்களில் மாறி மாறி வந்தது. ஒரு தொடரை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் புதைக்கப்பட்ட ஸ்பைடர்-மேன் எழுந்து வந்து, பிறகு மீண்டும் மண்ணுக்குள் போவான். சரியான வரிசை இது: வெப் ஆஃப் ஸ்பைடர்-மேன் 31, அமேசிங் 293, ஸ்பெக்டாகுலர் 131, மறுபடி வெப் 32, அமேசிங் 294, ஸ்பெக்டாகுலர் 132. ஆறையும் எழுதியவர் ஜே. எம். டிமாட்டிஸ், வரைந்தவர் மைக் செக், அதனால் தொடர் மாறுவது படிக்கும்போது தெரியவே தெரியாது. முன்படி ஒன்றே ஒன்று: அமேசிங் ஆண்டிதழ் 21, பீட்டர்-மேரி ஜேன் கல்யாணம். புதுமணப்பெண் இரண்டு வாரம் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

சூப்பர்மேன் சாவுக் கதைக்குப் பதிப்பகமான டிசியே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. 1991 முதல் சூப்பர்மேன் இதழ்களின் அட்டையில் சிறு முக்கோணம் ஒன்றும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் வரிசையில் படித்தால் எந்தத் தொடரின் எத்தனையாவது இதழ் என்று குழம்ப வேண்டியதில்லை. சாவுக் கதையின் வரிசை: மேன் ஆஃப் ஸ்டீல் 18, ஜஸ்டிஸ் லீக் அமெரிக்கா 69, சூப்பர்மேன் 74, அட்வென்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன் 497, ஆக்ஷன் காமிக்ஸ் 684, மேன் ஆஃப் ஸ்டீல் 19, சூப்பர்மேன் 75.

இதில் ஒளிந்திருக்கும் வேலைப்பாடு ஒன்று பலர் கண்ணுக்குத் தப்பிவிடும். அட்வென்சர்ஸ் 497-ல் பக்கத்துக்கு நான்கு கட்டம். ஆக்ஷன் 684-ல் மூன்று. மேன் ஆஃப் ஸ்டீல் 19-ல் இரண்டு. சூப்பர்மேன் 75-ல் பக்கத்துக்கு ஒரே படம், இதழ் முழுக்க. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓவியர்களே கீழ்நோக்கி எண்ணுகிறார்கள். போனில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுப் படித்தால் ஒவ்வொரு கட்டமும் திரையை நிறைத்துவிடும், நான்குக்கும் ஒன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. பிறகு "வெறும் அடிதடிதானே" என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

கிளைக் கதைகளை எவ்வளவு வெட்டலாம்?

தயங்காமல் வெட்டலாம். 2006-ல் தொடங்கிய 'சிவில் வார்' முதன்மைத் தொடர் 7 இதழ்தான். அதைச் சுற்றி நூற்றுச் சொச்சம் டை-இன் இதழ்கள், அதாவது கிளைக் கதைகள். எல்லாவற்றையும் வெளியான வரிசையில் படிக்கக் கிளம்பினால் மூன்றாவது வாரத்தில் கையை விட்டுவிடுவீர்கள்.

சோதனை எளிது. முதலில் முதன்மைத் தொடரை மட்டும் படியுங்கள். இரண்டு இதழ்களுக்கு நடுவே யாராவது மனம் மாறி, திடீரென வேறு பக்கம் வந்து நிற்கிறார்களா பாருங்கள். அந்த மாற்றம் நடந்த டை-இன் மட்டும் வேண்டும். சிவில் வாரில் அப்படி நிற்பவர் ஸ்பைடர்-மேன். 2-வது இதழில் முகமூடியைக் கழற்றுகிறார், 5-வதில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கை விட்டுப் பிரிகிறார். ஏன் என்பது அமேசிங் ஸ்பைடர்-மேன் 532 முதல் 538 வரை இருக்கிறது. அது போதும்.

1991-ல் வந்த 'இன்ஃபினிட்டி கான்ட்லெட்' 6 இதழுக்கு டை-இன் எதுவுமே வேண்டாம், ஆனால் 'தானோஸ் குவெஸ்ட்' என்ற இரண்டு இதழ்கள் கட்டாயம். ஆறு ரத்தினங்களையும் அவற்றின் காவலர்களிடமிருந்து தானோஸ் எப்படிப் பிடுங்குகிறான் என்பதே அந்த இரண்டு இதழ்கள். பெரும்பாலும் சூதும் வாய்ப்பேச்சும்தான். கதாசிரியர் ஜிம் ஸ்டார்லினின் உண்மையான கைவரிசை அங்கே என்பது என் கட்சி. ஓவியம் 4-வது இதழில் பாதியில் மாறுவது அச்சுப் பிழை அல்ல. ஜார்ஜ் பெரெஸ் விட்ட இடத்திலிருந்து ரான் லிம் தொடர்ந்தார்.

எந்தப் பதிப்பு, எந்தத் திரை?

மார்வெலின் 'எசென்ஷியல்', டிசியின் 'ஷோகேஸ் பிரசென்ட்ஸ்' தொகுப்புகள் மலிவானவை, தடிமனானவை, கறுப்பு வெள்ளை. முன்படிகளுக்கு இவை தாராளமாகப் போதும். உச்ச இதழ்களுக்கு வேண்டாம். ஃபீனிக்ஸின் பச்சை உடை சிவப்பாகும் இடத்தில் நிறம்தான் சேதியே சொல்கிறது.

ஆம்னிபஸ் என்ற பெருந்தொகுப்பு நூல்களில் நடு மடிப்பு வில்லங்கம் உண்டு. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போனால் இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். புது நூலை நடுவில் பிளந்து விரிக்காதீர்கள், முதுகு உடையும். முன்னாலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று மாற்றி மாற்றி மெதுவாக அழுத்திப் பழக்குங்கள்.

பேட்மேன் கதையான 'கில்லிங் ஜோக்' வாங்கும்போது எந்த வண்ணம் என்று பாருங்கள். 1988 பதிப்புக்கு வண்ணம் தீட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ்: ஊதா, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும். 2008 பதிப்பை ஓவியர் பிரையன் போலண்டே தன் விருப்பப்படி மறுபடி தீட்டினார். கடந்த காலக் காட்சிகள் கிட்டத்தட்டக் கறுப்பு வெள்ளை, ஏதாவது ஒரு பொருளில் மட்டும் சிவப்பு. இரண்டும் இரண்டு விதக் கதைபோலவே இருக்கும். முதல் வாசிப்புக்கு என் ஓட்டு பழையதற்கே. கதையில் வரும் பொருட்காட்சிக்கு அந்தப் பகட்டு வண்ணம்தான் பொருந்துகிறது.

'வாட்ச்மென்' 5-வது அத்தியாயத்தைக் கட்டம் கட்டமாகப் படிக்கவே கூடாது. 28 பக்கங்களில் முதல் பக்கக் கட்ட அமைப்பும் கடைசிப் பக்கக் கட்ட அமைப்பும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இரண்டாவதும் இருபத்தேழாவதும் அப்படியே. நடுவில் 14, 15 பக்கங்கள் எதிரெதிரே சேர்ந்து மடிகின்றன. முழுப் பக்கம் தெரியும் அளவுக்காவது திரை வேண்டும், படுக்கை வாக்கில் இரண்டு பக்கமும் தெரிந்தால் இன்னும் நல்லது. முதல் 11 இதழ்களின் கடைசியில் வரும் உரைநடைப் பக்கங்களையும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பாதி விஷயம் அங்கே கிடக்கிறது.

வேகமும் நிறுத்தமும்

பழைய இதழ்களில் எழுத்து அதிகம். கிளேர்மான்ட் எழுதிய 17 பக்க இதழுக்கே இருபது நிமிடம் ஆகும். இப்போதைய 20 பக்க இதழ் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே அமர்வில் மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு இதழின் தொடக்கத்திலும் வரும் முன்கதைச் சுருக்கம் எரிச்சலூட்டத் தொடங்கும். மாதக்கணக்கில் காத்திருந்தவருக்காக எழுதப்பட்ட வரிகள் அவை.

1966-ல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48 முதல் 50, கோள்களை விழுங்கும் கேலக்டஸின் கதை. 48-ன் முன்பாதியில் வேறொரு கதை முடிந்துகொண்டிருக்கும், 50-ன் பாதியிலேயே கேலக்டஸ் கிளம்பிவிடுவான், குழுவில் ஒருவனான ஜானி கல்லூரிக்குப் போவான். தொகுப்பில் பக்கம் விடுபட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

பேட்மேன் 427-ல் வெடிப்போடு இதழ் முடியும் இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். அன்று அந்த இதழில் இரண்டு தொலைபேசி எண்கள் அச்சாகின: ஜேசன் பிழைக்க ஒன்று, சாக ஒன்று. அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவர்கள் 5,343, பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வித்தியாசம் 72. 428-ஐத் திறக்கும் முன் உங்கள் ஓட்டு எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஸ்பைடர்-மேன் 122-ன் கடைசிப் பக்கம் வரும்போது மணி எத்தனை ஆனாலும் அன்றைக்கு அதோடு விடுங்கள். பீட்டர் மேரி ஜேனிடம் எரிந்து விழுந்து வெளியே போகச் சொல்கிறான். அவள் கதவு வரை போகிறாள். கைப்பிடியில் கை. கதவு சாத்தும் 'க்ளிக்' சத்தம். சாத்தியவள் நிற்பது உள்ளே. வசனம் கிடையாது. 123-ஐ மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.